இழுப்பதும் நிறுத்துவதும்

அறுவடைக் காலத்தில் எந்தக் கிராமத்திலும் இந்தக் காட்சியைக் காணலாம். நெல் மூட்டைகளை மலைபோல் அடுக்கிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு டிராக்டர் வீடு நோக்கி வரும். மூட்டைகளின் மேல் நாலைந்து பேர். மட்கார்டின் மேல் ஒரு சிறுவன். பார்ப்பவர்களுக்கு ஆனந்தந்தான். எனக்கோ வயிற்றைக் கலக்கும்.

காரணம் சொல்கிறேன். 45 குதிரைச் சக்தி டிராக்டரின் எடை ஏறக்குறைய 2 டன். பின்னால் வரும் பாரமோ பல சமயங்களில் 5 டன்னை எட்டும். டிரெய்லர்கள் பலவற்றுக்குப் பிரேக்கே கிடையாது. இழுப்பது பெரிதல்ல, சரிவில் அந்தப் பாரம் டிராக்டரையே முன்னால் தள்ளுகிறது. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டாலோ, கேட்கவே வேண்டாம்!

இன்னொரு சூட்சுமமும் உண்டு. வயலில் சட்டென்று திரும்புவதற்காக, டிராக்டரின் பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பிரேக் மிதி இருக்கிறது. ரஸ்தாவுக்கு வருமுன் இரண்டையும் தாழிட்டு இணைக்க வேண்டும். மறந்து ஒன்றை மாத்திரம் மிதித்தால், வண்டி ஒரு பக்கம் சுழன்று குடை சாயும்.

மாட்டு வண்டிக்காரன் சரிவைக் கண்டால் கீழே இறங்கி நடப்பான். மாடுகளும் காலை ஊன்றிப் பாரத்தைத் தாங்கும். டிராக்டருக்கு அந்தப் புத்தி இல்லை, ஓட்டுகிறவருக்குத்தான் இருக்கவேண்டும். ஆகவே, சரிவுக்கு முன்பே கியரைக் குறைத்துக்கொள்ளுங்கள், மிதிகளை இணையுங்கள், மூட்டைகளை இரண்டு நடையாகப் பிரியுங்கள், முதலில் அந்தச் சிறுவனை இறக்கிவிடுங்கள். நெல் நாளைக்கு வரலாம். பையன் இன்றே வீடு வந்து சேரவேண்டும்.