பின்பலகையில் அமர்ந்த இசைஞர்

ஜாஸ் இசையைப் பற்றி எழுதுவோர் டிரம்பட் ஊதுவோனைச் சிங்காதனத்தில் ஏற்றுவர். டிராம்போன் ஊதுவோனையோ வாயிற்புறத்தில் நிறுத்திவிடுவர். கிட் ஓரி என்பார்க்கும் அக்கதியே நேர்ந்தது. லூயி ஆம்ஸ்ட்ராங்குடன் வாசித்தவர் என்று ஒரே வரியில் அவர் சரிதத்தை முடித்துவிடுவார் பலருளர். அஃது அநீதியென்பது எமது துணிபு.

டிராம்போன் என்பது வளைந்த குழலொன்றை நீட்டியும் குறுக்கியும் சுரங்களைப் பிறப்பிக்கும் பித்தளை வாத்தியம். நியூ ஆர்லியன்ஸ் நகரில் நடனங்களை விளம்பரஞ் செய்யும்பொருட்டு வாத்தியக்காரரை வண்டியிலேற்றித் தெருத்தெருவாய்க் கொண்டுபோதல் அக்காலத்து வழக்கம். நீளுங் குழல் அயலாரை இடியாதபடி டிராம்போன்காரர் வண்டியின் கடைசியில், இறக்கிவிட்ட பின்பலகையருகே உட்காருவார். அதனால் அவர் வாசிக்கும் முறைக்கே பின்பலகைப் பாணி என்று பெயராயிற்று. இருக்கை கடைசியேயன்றி வேலை கடைசியன்று. டிரம்பட் பாட்டைச் சொல்ல, கிளாரினெட் அதன்மேற் கொடிபோற் படர, டிராம்போன் கீழிருந்து இரண்டையும் தாங்கும். மற்றவர் மூச்சுவாங்கும் இடைவெளியை வழுக்கிச் செல்லும் கமகத்தால் நிரப்பும். இதில் ஓரியை மிஞ்சினார் இலர் என்போம்.

அவர் 1886-ஆம் ஆண்டு லூயிசியானாவில் ஒரு கரும்புத் தோட்டத்திற் பிறந்தவர். கிங் ஆலிவர் தமது குழுவை விட்டுச் சிகாகோவுக்கு ஏகியபோது, இருபது வயதும் நிரம்பாத ஆம்ஸ்ட்ராங்கை அவ்விடத்தில் அமர்த்தியவர் இவரே. ஆகவே, யாரால் யார் உயர்ந்தாரென்பதைச் சற்று யோசித்தே சொல்லவேண்டும். 1922-இல் லாஸ் ஏஞ்சலீஸில் அவர் குழு இசைத்தட்டுப் பதித்தது. 1926-இல் ஆம்ஸ்ட்ராங் குழுவில் ‘மஸ்க்ராட் ராம்பிள்’ ஒலித்தது. பின்னர்ப் பஞ்சகாலம் வந்தது. ஓரி வாத்தியத்தை ஒதுக்கிவைத்துக் கோழி வளர்க்கப் போயினார்.

1944-இல் ஆர்ஸன் வெல்ஸ் நடத்திய வானொலி நிகழ்ச்சியே அவரை மீட்டது. அக்குழுவிற் கிளாரினெட் வாசித்த ஜிம்மி நூன் ஏப்ரல் மாதத்தில், நிகழ்ச்சி நடக்கவேண்டிய நாளிலேயே காலமானார். தோழர்கள் அன்றே அவருக்காக ஓர் இரங்கலிசை அமைத்து வாசித்தனர். அதே ஆண்டில், துருக்கிய ஸ்தானிகரின் மைந்தராகிய நெசுஹி எர்டெகுன் ஓரியின் இசையைப் பதிக்கவேண்டியே கிரெஸென்ட் என்னும் கம்பெனியைத் தொடங்கினார். அப்பதிவுகளே பின்னர்க் குட் டைம் ஜாஸ் நிறுவனத்தாரால் ‘டெயில்கேட்’ என்னும் தொகுப்பாயின. அப்பெயர் அந்தப் பின்பலகையையே குறிக்கும்.

ஓரியின் ஊதல் கரடுமுரடானது, சுரங்கள் சிலவே என்பர் சிலர். ஜே. ஜே. ஜான்ஸன் போன்ற பின்வந்தார் காட்டிய விரைவும் நுட்பமும் அவர்பால் இல்லைதான், மறுக்கவில்லை. ஆயின் இத்தொகுப்பில் ‘புளூஸ் ஃபார் ஜிம்மி’ என்னும் அவ்விரங்கலிசையைக் கேளுங்கள். சொல்லவேண்டிய துயரத்திற்கு எத்தனை சுரம் வேண்டுமோ அத்தனையே அங்குளது. ஒன்று கூட்டினாலும் அழுகை நடிப்பாகிவிடும். மட் கேரியின் டிரம்பட் தாழ்ந்த குரலிற் பேச, ஓரி அதனை மறைக்காமல் அடியில் நடக்கிறார். விரைவொன்றையே அளவுகோலாக்கினால் இத்தகைய இசையை எடைபோடும் தராசு நம்மிடம் இல்லாமற் போகும்.

ஓரி 1973-இல் ஹோனலூலுவில் மறைந்தார். தொகுப்பிலுள்ள ‘கிரியோல் சாங்’ என்பதில் அவர் குழலைக் கீழேவைத்துப் பாடுகிறார். பாஷை ஆங்கிலமன்று, தாம் பிறந்த மண்ணிற் பேசப்பட்ட கிரியோல் பிரெஞ்சு. நமக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆயினும் இருமுறை கேட்டோம்.