உலகக் கோப்பைக்குச் சிக்கனப் பயணம்: கத்தரில் முடிந்தது, சவூதியில் முடியுமா?

கால்பந்து உலகக் கோப்பைப் போட்டிகள் 2026 ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய மூன்று நாடுகளில் நடைபெறுகின்றன. 'குறைந்த செலவில் போய் வர வழி உண்டா?' என்று நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். 60 டாலருக்கு டிக்கெட் உண்டு என்ற செய்திதான் இந்த ஆசைக்குக் காரணம். ஆனால் பயணச் செலவைத் தீர்மானிப்பது டிக்கெட் விலை அல்ல. போட்டியை நடத்தும் நாடு ரசிகனுக்கு விசாவை எப்படித் தருகிறது, எங்கே தங்க விடுகிறது, எப்படி ஊருக்குள் சுற்ற விடுகிறது என்பவையே தீர்மானிக்கின்றன.

கத்தரையே எடுத்துக்கொள்வோம். 2022-ல் ஆட்ட டிக்கெட் வைத்திருந்தவருக்கு 'ஹய்யா' அட்டை கிடைத்தது. தனியாக விசா வேண்டியதில்லை. அந்த அட்டையே நுழைவு அனுமதி. அதைக் காட்டினால் மெட்ரோவிலும் இலவசப் பயணம். டிக்கெட் உள்ள ஒருவர், டிக்கெட் இல்லாத மூவரைத் தம்முடன் அழைத்துச் செல்லவும் அனுமதி இருந்தது. அந்த மூவருக்கும் தலைக்கு 500 ரியால் கட்டணம். 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அதுவும் இல்லை. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 11,000 ரூபாய். ஆட்டம் பார்ப்பவர் ஒருவர், ஊர் பார்ப்பவர்கள் மூவர் என்று குடும்பமாகப் போவதற்கு ஏற்ற ஏற்பாடு அது.

தங்கும் செலவுதான் உதைத்தது. ரசிகர் கிராமம் என்ற பெயரில் அமைத்த சிறு தடுப்பறைகளுக்கே ஓர் இரவுக்கு 200 டாலர் அளவில் வாங்கினார்கள். அவற்றில் ஒன்றில் வேலை முடியாமல் கிடக்கிறது என்று புகார் எழுந்து, பணத்தைத் திருப்பித் தருவதாக ஏற்பாட்டாளர்கள் அறிவிக்கும் நிலையும் வந்தது. இதிலிருந்து தப்பியவர்கள் யார்? கத்தரில் உறவினர் உள்ளவர்கள். அங்கே வசிப்பவர் தம் வீட்டைப் பதிவு செய்து விருந்தினரைத் தங்க வைக்கலாம் என்று அரசே வழி செய்திருந்தது. தோஹாவில் மச்சானோ மாமாவோ இருக்கும் குடும்பங்கள் நம் ஊர்களில் கொஞ்சமா? நமக்குச் சிக்கனப் பயணம் என்றால் பெரும்பாலும் சொந்தக்காரர் வீட்டுப் பாய்தான்!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கத்தரில் வசிப்பவர்களுக்கென்று 40 ரியால் டிக்கெட் ஒதுக்கப்பட்டது. அன்றைக்குச் சுமார் 900 ரூபாய். வெளிநாட்டு ரசிகருக்கு முதல் சுற்றின் குறைந்த விலை 250 ரியால். ஏஷியன் டவுன் கிரிக்கெட் மைதானத்தில் தொழிலாளர்களுக்காகப் பெரிய திரையும் வைத்தார்கள். கடும் வெயிலில் அந்த மைதானங்களைக் கட்டியவர்கள், ஊரில் ஏஜெண்டுக்குக் கொடுத்த பணத்துக்கு வாங்கிய கடனை அடைத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்களில் பலர். அந்தக் கணக்கை 40 ரியால் டிக்கெட் தீர்த்துவிடாது. ஆனாலும் அரங்கத்துக்குள் உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்ததை நாம் மறுக்கவும் கூடாது.

எட்டு மைதானங்களும் தோஹாவைச் சுற்றியே இருந்ததால் உள்ளூர்ப் பயணச் செலவு இல்லை. இப்போது வான்கூவர் முதல் மியாமி வரை 16 நகரங்கள். அமெரிக்காவில் டிக்கெட் விசா ஆகாது. சுற்றுலா விசா விண்ணப்பத்துக்கே 185 டாலர்; மறுத்தாலும் அது திரும்பாது. ஃபிஃபா மூலம் டிக்கெட் எடுத்தவருக்கு நேர்காணல் தேதி சீக்கிரம் கிடைக்கும், அவ்வளவுதான். விசாவுக்கு உத்தரவாதம் இல்லை. கனடா ஆட்டங்களுக்குத் தனி விசா. 2025 ஜூனில் வெளியான அமெரிக்க அதிபரின் பயணத் தடைப் பட்டியலில் ஈரானும் ஹைட்டியும் இருந்தன. இரண்டுமே தகுதி பெற்ற அணிகள். விளையாட்டு வீரர்களுக்கு விலக்கு உண்டு, ரசிகர்களுக்கு இல்லை. தன் நாட்டுக் கொடியை ஏந்தி நிற்க ஒருவன் எத்தனை பணம் சேர்த்தாலும் பயனில்லை என்றால், அங்கே சிக்கனம் பற்றிப் பேச என்ன இருக்கிறது? நம் நடுத்தரக் குடும்பங்களுக்கு இந்த முறை தொலைக்காட்சியே போதும் என்பது என் கருத்து.

நாம் இப்போதே யோசிக்க வேண்டியது 2034 பற்றி. அந்த ஆண்டுப் போட்டியை 2024 டிசம்பர் 11 அன்று சவூதி அரேபியாவுக்கு ஃபிஃபா வழங்கியது. ரியாத், ஜித்தா, அல்கோபார், அப்ஹா, நியோம் என ஐந்து இடங்கள். ரியாதுக்கும் ஜித்தாவுக்கும் இடையே ஏறக்குறைய 950 கிலோமீட்டர். கத்தரைப் போல ஒரே நாளில் இரண்டு ஆட்டம் என்ற கணக்கு இங்கே எடுபடாது. ஆனால் ஜித்தாவிலிருந்து மக்கா 80 கிலோமீட்டருக்குள்தான். ஹரமைன் ரயிலும் ஓடுகிறது. 2022-லேயே ஹய்யா அட்டை வைத்திருந்தவர்களுக்குச் சவூதி கட்டணமில்லா விசா அளித்து, உம்ரா செய்யவும் மதீனா செல்லவும் அனுமதித்தது. மருத்துவக் காப்பீட்டை மட்டும் அவரவர் எடுக்க வேண்டியிருந்தது. கத்தர் போன கையோடு உம்ரா செய்ய வழி திறந்தது இப்படித்தான். 2034-லும் இப்படி ஒன்று வந்தால் 'மேட்ச் + உம்ரா' பேக்கேஜ் விளம்பரங்கள் நம் ஊர்ச் சுவர்களை நிறைத்துவிடும்.

அந்த ஆண்டில் ஹஜ் பிப்ரவரி இறுதியை ஒட்டி வரும். ரமழான் நவம்பர் நடுவில் தொடங்கும். போட்டி ஜனவரியில் அமைந்தால் ஹஜ்ஜுக்கான கூட்டமும் ரசிகர் கூட்டமும் அடுத்தடுத்து வரும். ஜித்தா விமானக் கட்டணமும் மக்கா அறை வாடகையும் ஏறும். ஹஜ் கடமையாகி அதை இன்னும் நிறைவேற்றாதவர், கையில் உள்ள தொகையை உலகக் கோப்பைக்கும் உம்ராவுக்கும் செலவழித்துவிட்டு, ஹஜ்ஜைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது மார்க்க அடிப்படையில் சரியல்ல. அவருக்கு ஹஜ்தான் முதலில். வட்டிக்குக் கடன் வாங்கி மேட்ச் பார்ப்பது பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்தக் கடமையை முடித்தவர், கடன் இல்லாதவர், பிள்ளைகளோடு ஓர் ஆட்டமும் பார்த்து உம்ராவும் செய்ய நினைத்தால் தாராளமாகப் போகலாம். விளையாட்டைப் பார்ப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. தொழுகை தவறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஏஜெண்டிடம் முன்பணம் கொடுக்கும் முன் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: இது ரசிகருக்கான அனுமதியா, உம்ரா விசாவா? ஆட்டம் ரத்தானால் அறைப் பணம் திரும்பக் கிடைக்குமா? 'உலகக் கோப்பை விசாவில் போய் அங்கேயே வேலை பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்பவரிடம் கேள்வியே வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.