"இல்லை" என்பதை இங்கிலீஷில் சொல்லும் வகை

இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையில் கடலோரமாகச் சென்றால், துறைமுக வாயில்களிலும் தொழிற்சாலை மதில்களிலும் நாம் அடிக்கடி காணும் இங்கிலீஷ் வார்த்தை "நோ" என்பதே. "நோ என்ட்ரி", "நோ ஸ்மோக்கிங்" என்று படித்தே வளரும் அப்பகுதிப் பிள்ளைகள்கூட, தாமே ஒரு வாக்கியத்தை எதிர்மறையாக்கவேண்டி வந்தால் தயங்குகின்றனர். இது புத்திக் குறைவன்று. தமிழின் வழி வேறு, இங்கிலீஷின் வழி வேறு. அவ்வேற்றுமையை இவ்வாரம் ஆராய்வோம்.

தமிழில் மறுப்பு வினைக்குள்ளேயே அடங்கிவிடும். "செய்யேன்", "செய்யான்", "செய்யார்" என்பவற்றில் "இல்லை" என்ற தனிச்சொல் கிடையாது, மறுப்போ பூரணமாயிருக்கிறது. கால்டுவெல் பாதிரியார் 1856-இல் வெளியிட்ட திராவிட பாஷைகளின் ஒப்பிலக்கணத்தில் இவ்வெதிர்மறை வினையைத் தனியே எடுத்து ஆராய்ந்திருக்கிறார்.

இங்கிலீஷ் வினைக்கு இந்தச் சக்தி இல்லை. அது "டு" என்னும் துணைவினையை அழைத்து, அதன்பின் "நாட்" என்பதை வைத்துக்கொள்ளுகிறது. நான் போவதில்லை என்பது "ஐ டு நாட் கோ". அவன் போவதில்லை என்பது "ஹீ டஸ் நாட் கோ". அவன் போகவில்லை என்பது "ஹீ டிட் நாட் கோ". இடத்தையும் காலத்தையும் துணைவினையே சுமந்துவிடுவதால், பின்னால் வரும் "கோ" மாறுவதேயில்லை. "ஹீ டிட் நாட் வென்ட்" என்பது ஒரு சுமையை இருவர் தலையில் ஏற்றுவதாகும். "இஸ்", "வில்", "கேன்" முதலியவை முன்னமே இருந்தால் "டு" வேண்டியதில்லை. "ஷீ வில் நாட் கம்" என்றாலே போதும்.

அடுத்தது, "யாரும் வரவில்லை" என்பது. நாம் "யாரும்" என்று தொடங்கி மறுப்பை வினையில் வைக்கிறோம். இங்கிலீஷில் "நோபடி கேம்" என்று மறுப்பு முதற்சொல்லிலேயே வந்துவிடுகிறது. "நோபடி டிட் நாட் கம்" என்றால் மறுப்பை மறுத்து, எல்லாரும் வந்தார்கள் என்ற பொருளாகிவிடும்.

மூன்றாவது, நமது "வேண்டாம்". "நாளை வேலைக்கு வரவேண்டாம்" என்று மேஸ்திரி சொன்னால், அது விடுமுறையா தடையா என்பதை அவருடைய குரலிலிருந்து அறிகிறோம். இங்கிலீஷில் இவ்விரண்டுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. வரத் தேவையில்லை என்பது "யூ நீட் நாட் கம்". வரக்கூடாது என்பது "யூ மஸ்ட் நாட் கம்". ஒன்றின் இடத்தில் மற்றொன்றை எழுதினால், ஓய்வு பெற்றவன் வேலை போயிற்றென்று கலங்குவான்.

எல்லாவற்றிலும் முக்கியமானது விடை சொல்லும் முறை. "வால்வை மூடவில்லையா?" என்று ஒருவர் கேட்கிறார். மூடாதவர் தமிழில் "ஆமாம், மூடவில்லை" என்று சொல்லுவது இயல்பு. கேட்டவர் நினைத்தது சரிதான் என்று அந்த "ஆமாம்" ஒப்புக்கொள்ளுகிறது. இங்கிலீஷ் விடையோ கேட்டவரின் நினைப்பைப் பார்ப்பதில்லை. காரியம் நடந்ததா என்பதை மட்டுமே பார்க்கிறது. மூடியிருந்தால் "யெஸ்", மூடாவிட்டால் "நோ". நம்மவர் "ஆமாம்" என்று எண்ணி "யெஸ்" என்று மட்டும் சொன்னால், கேட்டவர் வால்வு மூடியாகிவிட்டதென்று நம்பிப் போய்விடுவார். எண்ணெய்க் கப்பல் நிற்கும் துறையில் இது உயிர்ச் சேதம் வரையில் கொண்டுபோய்விடக்கூடிய பிழை.

எண்ணூர்த் துறைமுகம் வேலை தொடங்கிய அதே 2001-ஆம் ஆண்டில், லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேசக் கடல்சார் ஸ்தாபனம், கப்பலில் வழங்கவேண்டிய இங்கிலீஷ் வாக்கியங்களின் தொகுப்பு ஒன்றை அங்கீகரித்தது. "யெஸ்" அல்லது "நோ" என்று சொன்னபின் முழு வாக்கியத்தையும் சொல்லவேண்டுமென்று அது விதிக்கிறது. "டோன்ட்" போன்ற சுருக்கங்களையும் அது தவிர்க்கிறது. இரைச்சலில் அந்தக் கடைசி எழுத்துக்கள் காதில் விழாமற் போனால் மறுப்பே மறைந்துவிடுமன்றோ! பல தேசத்து மாலுமிகள் ஒரே கப்பலில் வேலை செய்கின்றனர். ஆகவே இம்மயக்கம் தமிழருக்கு மட்டும் உரியதென்று நாம் நாணவேண்டியதில்லை. ஜப்பானியரும் நம்மைப் போலவே விடையளிப்பவர்.

"நோ, ஐ ஹாவ் நாட் க்ளோஸ்ட் தி வால்வ்" என்று முழுமையாகச் சொல்லிப் பழகுவதே இதற்குப் பரிகாரம். நம் தாய்மொழியின் வழியில் குறையொன்றும் இல்லை. ஆயினும் பிறர் பாஷையை வழங்கும்போது அதன் சட்டப்படி வழங்குவதே நமக்குக் கௌரவமும் பாதுகாப்பும் ஆகும்.

இவ்வாரப் பயிற்சி: வீட்டிலுள்ளோர் ஒருவரையொருவர் "நீ சாப்பிடவில்லையா?", "கடிதம் வரவில்லையா?", "கதவைத் தாழிடவில்லையா?" என்று இங்கிலீஷில் கேட்டு, முழு வாக்கியத்தில் விடை சொல்லுக. வெறும் "யெஸ்" சொன்னவர் மீண்டும் சொல்லக் கடவர்.