கண்மாய்க்குக் கட்சி உண்டா?

சென்ற வாரம் என் வீட்டுக்கு ஒரு செய்தி மடல் வந்தது. எங்கள் பக்கத்துக் கண்மாயில் ஞாயிறுதோறும் தூர் வாரும் தொண்டர்கள் வெளியிடும் நாலு பக்க ஏடு. நானும் அங்கே மண்சட்டி தூக்கியவன்தான். இரண்டு ஞாயிறு தூக்கினேன். மூன்றாவது ஞாயிறு முதுகு சம்மதிக்கவில்லை.

முன்பெல்லாம் அந்த ஏட்டில் எந்த மடை அடைத்துக் கொண்டிருக்கிறது, எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள், கருவேலம் வெட்ட யார் அரிவாள் கொடுத்தார் என்றுதான் இருக்கும். இம்மாதம் முதல் பக்கத்தில் ஓர் அரசியல் தலைவரின் படம். இரண்டாம் பக்கத்தில் அவரைப் பிடிக்காதவர்களுக்குச் சவுக்கடி. மூன்றாம் பக்கத்தில் அந்தச் சவுக்கடிக்கு மறுமொழி. கலுங்கு இடிந்த செய்தி கடைசிப் பக்கத்தின் அடியில், அச்சகத்தின் பெயருக்கு மேலே, மூன்றே வரியில்!

ஆசிரியராக இருக்கும் தம்பியைக் கேட்டேன். "அரசியல் இல்லாத இடம் எது, சார்? கண்மாயை ஆக்கிரமித்தவன்கூட அரசியல் பலத்தில்தானே ஆக்கிரமித்தான்?" என்றார்.

நல்ல வாதம்தான். அப்படியானால் அந்த ஆக்கிரமிப்பை எழுதட்டுமே! எந்த சர்வே நம்பர், எத்தனை சென்ட், தாசில்தாரிடம் மனுக் கொடுத்த தேதி என்ன, பதில் வந்ததா? ஆக்கிரமித்தவர் எக்கட்சியானாலும் பெயரைப் போடட்டும். அது கண்மாயின் காரியம். தில்லியில் யார் ஆள வேண்டும் என்பது கண்மாயின் காரியமல்ல. சந்தா கொடுத்த பலசரக்குக் கடைக்காரர் கலுங்குக்காகக் கொடுத்தார். தலைவர் படத்துக்காக அல்ல. எல்லோரிடமும் வாங்கிய காசில் பாதிப் பேரை வைவது என்ன நியாயம்?

இப்படிச் சொன்னால் கோழைத்தனம் என்கிறார்கள். மதுரைக்காரர்கள் அப்படிச் சொல்லலாமா? 1901-இல் பாண்டித்துரைத் தேவர் இங்கே தமிழ்ச் சங்கம் கண்டார். மறு ஆண்டு ரா. இராகவையங்காரை ஆசிரியராகக் கொண்டு 'செந்தமிழ்' என்ற மாத இதழ் பிறந்தது, பின்னர் மு. இராகவையங்கார் அதை நடத்தினார். சுவடியிலிருந்து பதிப்பித்த பழைய நூல்கள், பாடபேதம், புலவர்களின் கால ஆராய்ச்சி, இவைதான் அதன் சரக்கு. விறுவிறுப்பான சரக்கு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதை நம்பி வாங்கியவருக்கு அதுதான் கிடைத்தது.

அரசியல் தெரியாத மனிதரா தேவர்? 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது அதற்குத் தலைவராக இருந்தவர் அவரேதான். வெள்ளைக்காரக் கம்பெனியோடு கடலில் மல்லுக்கு நின்ற காலம் அது. 1908-இல் பிள்ளையவர்கள் சிறைக்கே போனார். கப்பலுக்குத் தலைமை தாங்கத் துணிந்தவருக்கு இதழில் நாலு ஆவேசக் கட்டுரை போடத் துணிவிருக்காதா? கப்பலைக் கடலில் விட்டார். 'செந்தமிழை' ஏட்டுச் சுவடிகளோடு விட்டார். இரண்டும் அவருக்கு உயிர்தான்.

தம்பியிடம் இதைச் சொன்னேன். யோசிப்பதாகச் சொன்னார்.

அந்த ஞாயிறு கண்மாய்க்குப் போயிருந்தேன். இருபது பேர் நிற்கும் கரையில் ஏழு பேர் நின்றார்கள். எப்போதும் வரப்பில் சேர்ந்து உட்கார்ந்து டீ குடிக்கும் இருவரில் ஒருவரைக் காணோம். "அவரா? மூணாம் பக்கம் எழுதினவரு அவருதான். இனிமே வரமாட்டாராம்" என்றார் மற்றவர். இரண்டாம் பக்கம் எழுதியவர் யார் என்று நான் கேட்கவில்லை.

ஐப்பசி மழைக்குள் கலுங்கைக் கட்டியாக வேண்டும். கரையில் பன்னிரண்டு மண்சட்டி கவிழ்ந்து கிடந்தது.