சட்டைப் பைக்கு ஏற்ற கத்தி எது?

கத்தி என்றதும் பலருக்குச் சினிமா வில்லன்தான் நினைவுக்கு வருகிறான். ஆனால் மாங்காய் நறுக்கவும், பார்சல் கயிற்றை அறுக்கவும், பென்சில் சீவவும் உதவும் பேனாக் கத்திக்கும் அந்த வில்லனுக்கும் என்ன சம்பந்தம்? இறகுப் பேனாவின் முனையைச் சீவுவதற்கென்று ஏற்பட்ட கருவி அது. பெயரிலேயே அதன் சாது குணம் விளங்கவில்லையா?

இன்று கடைகளில் மடக்குக் கத்திகள் விதவிதமாக வந்து குவிகின்றன. கறுப்புப் பூச்சு, ரம்பம் போன்ற முதுகு, மண்டையோட்டுச் சின்னம் என்று ஏக அமர்க்களம்! நம் இளைஞர்களில் சிலர் இந்த வேஷத்தைக் கண்டு மயங்கிக் காசை இறைக்கிறார்கள். வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றே மூன்றுதான். வெட்டும்போது அலகு விரல்மேல் மடங்காமல் இருக்குமா? அலகு மெல்லியதாக, நன்றாக நறுக்குவதாக இருக்கிறதா? மழுங்கினால் நாமே தீட்டிக்கொள்ள முடியுமா?

உலகப் புகழ் பெற்ற இரண்டு கத்திகளை இந்தக் கேள்விகளால் சோதித்துப் பார்ப்போம்.

முதலாவது, ஸ்விட்சர்லாந்தின் சிவப்புக் கத்தி. கார்ல் எல்ஸனர் என்பவர் 1884-ல் ஒரு பட்டறை தொடங்கி, 1891-ல் அந்நாட்டுப் படைவீரர்களுக்குக் கத்தி செய்து கொடுத்தார். எதற்காகத் தெரியுமா? எதிரியைக் குத்துவதற்கு அல்ல. உணவு டப்பாவைத் திறப்பதற்கும், துப்பாக்கியின் திருகாணியைக் கழற்றுவதற்குமே! ராணுவக் கத்தியின் யோக்கியதையே இதுவானால், சாதாரண மனிதனுக்குப் போர்க் கத்தி எதற்கு? இதன் சிறிய உருப்படிகளில் அலகைப் பிடித்து நிறுத்துவது உள்ளே இருக்கும் ஒரு வில் மட்டுமே, பூட்டுக் கிடையாது. பழம் நறுக்கவும் காகிதம் கிழிக்கவும் அது போதும். ஆனால் முனையால் குத்தித் துளை போட முயன்றால், அலகு சட்டென்று மடங்கி விரலைப் பதம் பார்த்துவிடும்.

இரண்டாவது, பிரான்ஸின் சவாய் மலைநாட்டில் 1890-ல் ஜோசப் ஒப்பினெல் உருவாக்கிய மரப்பிடிக் கத்தி. குடியானவனின் கத்தி என்றே இதைச் சொல்லலாம். 1955-ல் இதற்கு ஒரு சுழல் வளையம் சேர்த்தார்கள். அலகை விரித்து வளையத்தைத் திருப்பிவிட்டால் மடங்காது. எட்டாம் நம்பர் கத்தியின் அலகு சுமார் எட்டரை சென்டிமீட்டர், மெல்லியது, தக்காளியைக்கூடச் சிதைக்காமல் நறுக்கும். குறையும் உண்டு. ஈரம் பட்டால் மரம் ஊறி, அலகு இறுகிக்கொள்ளும். கார்பன் எஃகு அலகாக இருந்தால், எலுமிச்சை நறுக்கிவிட்டுத் துடைக்காமல் வைத்தால் கறுத்துப் போகும். ஈரத்தோடு விட்டால் துருவேறும். சோம்பேறிகளுக்குத் துருப்பிடிக்காத எஃகே நலம்!

நமது தீர்ப்பு இதுதான்: ஊருக்குள் அன்றாட உபயோகத்திற்குப் பூட்டில்லாத சிறு கத்தி போதும். தோட்டம், மலை, காடு என்று வெளியே செல்கிறவர்களுக்குப் பூட்டுள்ள கத்தியே அவசியம். இரண்டுக்குமே ஒரு சாணுக்கு மேற்பட்ட அலகு வேண்டியதில்லை. அதிக விலை கொடுத்து மிகக் கடினமான எஃகு வாங்கினால் கூர் நீடிக்கும். ஆனால் அதைத் தீட்டுவதற்குள் கை ஓய்ந்துவிடும்.

சட்டத்தையும் மறக்கலாகாது. இங்கிலாந்தில் 1988-ம் ஆண்டுச் சட்டப்படி, மூன்று அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டில்லாத மடக்குக் கத்தியைத்தான் காரணம் சொல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம். விரலைக் காக்கும் பூட்டே அங்கே ஆளைச் சிக்கலில் மாட்டிவிடும்! எந்த நாட்டிலும் விமானத்தில் ஏறும்போது கத்தியைச் சட்டைப் பையில் வைக்காதீர்கள். சாமான்களோடு அனுப்பும் பெட்டியில் வைத்துவிடுங்கள். சினிமாக் கொட்டகைக்கும் பொதுக்கூட்டத்துக்கும் கத்தி எதற்கு? வீட்டிலேயே இருக்கட்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "கத்தியைத் தொடாதே" என்று பத்து வயதுப் பையனையும் பெண்ணையும் விரட்டுவது எளிது. அதன் பலன் என்ன? இருபது வயதில் ஓர் ஆப்பிளை நறுக்கத் தெரியாமல் கையை அறுத்துக்கொள்கிறார்கள். உடலுக்கு எதிர்ப்பக்கமாகவே வெட்ட வேண்டும். வெட்டும் பாதையில் மற்றக் கை இருக்கக் கூடாது. மழுங்கிய கத்திக்கு அதிக பலம் கொடுக்க வேண்டியிருப்பதால் அதுவே அதிக ஆபத்தானது. இந்த மூன்றையும் அருகே உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள். பயத்தைவிடப் பழக்கமே விரலைக் காக்கும்.

வேலை முடிந்ததும் துடையுங்கள். கீலில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். பிறர் கையில் கொடுக்கும்போது மடக்கிக் கொடுங்கள். கத்தியின் தரத்தைக் கடைக்காரன் சொல்லுவான். அதை வைத்திருப்பவனின் தரத்தை அவன் கொடுக்கும் விதமே சொல்லிவிடும்.