ரவுண்டு அடிச்ச காலம் யாருடையது?

2023இல் ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’ படத்துக்கு ஐம்பது வயது ஆனது. 2024 ஏப்ரலில் ‘கில்லி’ இருபது வருடம் கழித்துத் தமிழ்நாட்டுத் தியேட்டர்களுக்குத் திரும்பி வந்து, புதுப்படம் மாதிரி ஓடியது. ‘பொல்லாதவன்’ படத்துப் பல்சர் இன்னும் எங்கட ஊர்ப் பொடியன்மார்ட ஸ்டேட்டஸில் ஓடிக்கொண்டே இருக்கிறது. மூன்றும் வண்டியும் வாலிபமும் சேர்ந்த படங்கள். எதைப் பற்றிப் பேசத் தொடங்கினாலும் பேச்சு ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறது: “அந்தக் காலம் மாதிரி வருமா மச்சான்?”

படத்தை நேசிப்பதில் எங்களுக்குச் சண்டை ஒன்றும் இல்லை. நாங்களும் விசிலடித்துத்தான் பார்க்கிறோம். சண்டை அந்தக் கேள்வியோடு. அதைக் கேட்கிறவர்கள் ஒரு காலத்தில் ரோட்டு எல்லோருக்கும் திறந்து கிடந்த மாதிரியும், இப்போதுள்ள பிள்ளைகள்தான் அதைக் கெடுத்துவிட்ட மாதிரியும் பேசுகிறார்கள். இந்த ஊரில் இருந்துகொண்டு அப்படிப் பேச முடிகிறதென்றால், அதற்கு நிறைய விசயங்களை மறக்க வேண்டும்.

முதலில் அந்த அமெரிக்கப் படத்தையே எடுப்போம். வண்டியும் வாலிபமும் என்ற இந்த வகை ஏக்கத்துக்கு அதுதான் பெரிய வாப்பா. ஜார்ஜ் லூகாஸ் 1973இல் எடுத்தார், ‘ஸ்டார் வார்ஸ்’க்கு நாலு வருடம் முந்தி. கதை நடப்பது 1962ஆம் ஆண்டுக் கோடைகாலத்தின் கடைசி இரவில், கலிபோர்னியாவின் மொடெஸ்டோ என்ற சிறிய ஊரில். பள்ளிக்கூடம் முடித்த நாலு பொடியன்மார் விடியும்வரை காரில் ரவுண்டு அடிக்கிறார்கள். ஒருவனிடம் 1932ஆம் ஆண்டு ஃபோர்டைப் பிரித்து, என்ஜினை ஏற்றிக் கட்டிய மஞ்சள் வண்டி. ரேடியோவில் பாட்டு ஓடுகிறது. எங்கேயும் போய்ச் சேர வேண்டிய தேவை ஒருவருக்கும் இல்லை. அந்தப் படத்தின் முழு இன்பமும் இதுதான்: காரணம் சொல்லாமல் ரோட்டில் போவது.

கவனியுங்கள், 1973இல் நின்றுகொண்டு 1962ஐ நினைத்து ஏங்குகிறார்கள். பதினொரு வருடம்தான். அதற்குள் கென்னடி சுடப்பட்டார், வியட்நாம் யுத்தம் வந்தது. லூகாஸ் தன் சொந்த ஊரில் படம் எடுக்கப் பார்த்தபோது ஊர் மாறிப்போயிருந்தது. பெரும்பகுதியைப் பெட்டலூமா என்ற வேறொரு ஊரில் எடுத்தார். இன்னொன்றும் உண்டு. 1962 ஜூனில், பதினெட்டு வயதில், லூகாஸின் கார் விபத்துக்குள்ளாகி அவர் சாவின் வாசல்வரை போய் வந்தார். கார்ப் பந்தயக் கனவை அதோடு விட்டார். அவர் உலகத்துக்கே ஏங்கக் கொடுத்த கோடைகாலம், அவர் அடிபட்டுக் கிடந்து எழும்பிய அதே கோடைகாலம். ஏக்கம் எதை வைத்துக்கொள்ளும், எதைக் கழற்றிப்போடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியாது.

ஆனாலும் லூகாஸ் ஒரு நேர்மையான வேலை செய்தார். படம் முடியும்போது நாலு பொடியன்மாருக்கும் என்ன ஆனது என்று எழுத்தில் போடுகிறார். மஞ்சள் வண்டிக்காரன் 1964 டிசம்பரில் குடித்துவிட்டு ஓட்டிய ஒருவனின் வண்டி மோதிச் செத்துப்போனான். ஒருவன் 1965இல் வியட்நாமில் காணாமல் போனான். ஒருவன் ஊரிலேயே இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஒருவன் கனடாவில் எழுத்தாளன். ரெண்டு மணித்தியாலச் சிரிப்பும் அந்தச் சில வரிகளில் இறங்கிப்போகிறது. ஏக்கத்தோடு பேசுகிற எவரும் இந்த வரிகளை ஸ்டேட்டஸில் போடுவதில்லை.

அந்த நேர்மையிலும் ஒரு ஓட்டை. அந்த இரவு முழுக்கக் கூடவே சுற்றிய பெண்பிள்ளைகளுக்கு என்ன ஆனது? ஒரு வரிகூட இல்லை. படம் வந்த காலத்திலேயே அமெரிக்க விமர்சகி பாலின் கேல் இதைக் கேட்டார். அவர்கள் பக்கத்து சீட்டில் இருந்தார்கள், சிரித்தார்கள், அழுதார்கள், அவ்வளவுதான்.

எங்கட படங்கள் மட்டும் வேறா? ‘கில்லி’யில் தனலட்சுமியை வேலு மதுரையிலிருந்து சென்னைக்குக் கொண்டுவருகிறான். படம் முழுக்க அவள் ஓடுகிறாள், ஆனால் எந்தத் திசையில் ஓடுவது என்பதை முடிவு செய்கிறவன் அவன். ‘பொல்லாதவன்’ வெற்றிமாறனின் முதல் படம், 2007 தீபாவளிக்கு வந்தது. வேலையில்லாத பிரபு அப்பாவோடு சண்டை போட்டு வாங்கிய காசில் பல்சர் எடுக்கிறான். வண்டி வந்ததும் வேலை வருகிறது, காதல் வருகிறது, வீட்டில் மரியாதை வருகிறது. ஏழைப் பொடியனுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் எவ்வளவு பெரிய விசயம் என்பதை அந்தப் படம் சொன்ன அளவுக்கு வேறொன்று சொன்னதா தெரியாது. நாங்கள் அதை மதிக்கிறோம். ஆனால் ஹேமா பின்சீட்டில்தான்.

இனி வருடங்களைப் பாருங்கள். ‘கில்லி’ 2004 ஏப்ரல் 17 அன்று வந்தது. அதற்கு ஒரு வாரம் முந்தி வெருகலில் புலிகளும் கருணா அணியும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். அதே வருடம் டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் வந்தது. ‘பொல்லாதவன்’ வந்த 2007இல் எங்கட மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இடம்பெயர்ந்து கூடாரத்தில் கிடந்தார்கள். ஜூலையில் தொப்பிகலை விழுந்தது. சென்னையில் ஒருவன் களவுபோன வண்டியைத் தேடிக்கொண்டிருந்த நேரம், இங்கே காணாமல் போனவர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். “அந்தக் காலம்” என்று நீங்கள் சொல்வது தமிழ்நாட்டுத் திரையில் ஓடிய காலம். எங்கட ரோட்டில் ஓடிய காலம் வேறு.

அந்த ரோட்டை ஒருதரம் நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, நடுவில் கல்முனை வீதி. வடக்கே போனால் நாவற்குடா, கல்லடிப் பாலம், மட்டக்களப்பு. தெற்கே போனால் ஆரையம்பதி, குருக்கள்மடம், களுவாஞ்சிக்குடி. காத்தான்குடியான் ஊரை விட்டு எந்தப் பக்கம் வெளிக்கிட்டாலும் தமிழ் ஊர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆரையம்பதியான் டவுனுக்குப் போவதென்றால் எங்கட ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். நல்ல காலத்தில் அது அழகு. 1990இல் அதுதான் மரணம். அந்த ஜூலையில் கல்முனைப் பக்கமிருந்து வீடு திரும்பிய எங்கட ஊராட்கள் குருக்கள்மடத்தில் வழிமறிக்கப்பட்டார்கள், வீடு வரவில்லை. ஆகஸ்ட் 3 அன்று மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யாப் பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். ஆரையம்பதிப் பக்கமும் அந்த வருடம் சாவு விழுந்தது. செப்டம்பர் 9 அன்று மட்டக்களப்புக்கு வடக்கே சத்துருக்கொண்டானில், இராணுவ முகாமுக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள், குழந்தை குட்டியோடு நூற்றைம்பதுக்கும் மேல், கொல்லப்பட்டார்கள். அந்தக் காலத்தில் ரவுண்டு அடித்தது யார்?

யுத்த காலம் முழுக்க ரோட்டில் ஒரு கேள்விதான் நின்றது: “எங்க போற? என்னத்துக்குப் போற?” துவக்கோடு நின்றவன் மாறுவான், கேள்வி மாறாது. 2009க்குப் பிறகு கொஞ்சம் மூச்சு விட்டோம். 2013இல் புதிய கல்லடிப் பாலம் திறந்தது; 1924இல் கட்டிய ஒற்றை வழிப் பழைய பாலத்துக்கு ஓய்வு கிடைத்தது. பின்னேரக் காற்றில் அந்தப் பாலத்தில் ஏறி இறங்குவது எங்கட வயதுக்காரருக்கு உண்மையான சந்தோசம். 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு அந்தக் கேள்வி திரும்பி வந்தது. குண்டு வைத்த கும்பலின் தலைவன் எங்கட ஊரான். அவனுக்கும் தங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாத ஊராட்கள் அடையாள அட்டையில் இருந்த விலாசத்துக்காகப் பதில் சொல்ல வேண்டி வந்தது. நாங்கள் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஸ்கூல் பேக்கைத் திறந்து காட்டப் பழகினோம்.

பிறகு 2022. ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். ஜூன் கடைசியிலிருந்து ரெண்டு கிழமைக்கு அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்றார்கள். பிறகு கியூஆர் வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். நாலு லீற்றரில் யாரும் காரணமில்லாமல் ஓட மாட்டான். ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’க்கும் இது நடந்தது. படம் வந்தது 1973 ஆகஸ்டில். ரெண்டு மாதம் கழித்து அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின, அமெரிக்கர்கள் பெற்றோல் செட்டில் வரிசையில் நின்றார்கள். விடிய விடியக் கார் ஓடுவது மலிவான எண்ணெய் போட்ட பிச்சை என்பது அன்றைக்குத்தான் அவர்களுக்குப் புரிந்திருக்கும்.

ஆக, காரணமில்லாமல் ரோட்டில் போவது எங்கட ஊரில் எந்தக் காலத்திலும் சாதாரணமாகக் கிடைத்த விசயம் இல்லை. யுத்தம் கேள்வி கேட்டது, பிறகு சந்தேகம் கேட்டது, பிறகு பஞ்சம் கேட்டது. இவ்வளவையும் கடந்து வந்த ஊருக்கு அந்தச் சுதந்திரத்தின் அருமை தெரிந்திருக்க வேண்டும். ஆனால் நடப்பது என்ன? அதே கேள்வியை இப்போது ஊரே கையில் எடுத்துக்கொண்டு பெண்பிள்ளைகளிடம் கேட்கிறது.

ஸ்கூட்டியில் ராத்தாமார் ஓடுகிறார்கள், உண்மைதான். டீச்சர் ஸ்கூலுக்குப் போகிறார், தாதி ஆஸ்பத்திரிக்குப் போகிறார், உம்மா பிள்ளையை டியூசனில் இறக்குகிறார். யாரும் பெரிதாகக் குறை சொல்வதில்லை, ஏனென்றால் காரணம் இருக்கிறது. அஸருக்குப் பிறகு ரெண்டு பெண்பிள்ளைகள் சும்மா காற்று வாங்கக் கடற்கரை ரோட்டில் ஒரு ரவுண்டு போகட்டும் பார்ப்போம். “யார்ட மகள்?” என்று கேட்டு, மகரிபுக்கு முந்தி வாப்பாவுக்குக் கோல் போயிருக்கும். அதே நேரம் அதே ரோட்டில் அவள் தம்பி சைலன்சரைக் கழற்றிவிட்டு ஏழாவது ரவுண்டில் இருப்பான். அவனிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. கேள்வியால் இவ்வளவு பட்ட ஊர், அதை வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றுவது என்ன நியாயம்?

இதிலே மூத்த காக்காமார் சிலரைச் சொல்லாமல் விட முடியாது. தாங்கள் ஹோண்டாவில் மூன்று பேர் ஏறிப் பாசிக்குடாவுக்குப் போன கதையை ரசித்து ரசித்துச் சொல்வார்கள். அடுத்த வசனத்திலேயே “இப்பத்தப் பொடியன்மாருக்கு அடக்கம் இல்ல, பொம்புளப் புள்ளைகளுக்கு வெட்கம் இல்ல” என்று முடிப்பார்கள். உங்கட ரவுண்டு பொற்காலம், எங்கடது சீரழிவு.

மொடெஸ்டோவிலும் இதேதான் நடந்தது. படம் புகழ் பெற்ற பிறகு அந்த ஊர் 1997இல் காரில் சாய்ந்து நிற்கும் பொடியனுக்கும் பெட்டைக்கும் வெண்கலச் சிலை வைத்தது. அதே 1990களில் தெருவில் ரவுண்டு அடிக்கத் தடையும் போட்டது. சிலைக்கு மாலை, உயிரோடு இருப்பவனுக்குத் தண்டம். கலிபோர்னியாவில் இப்படியான தடைகளால் கூடுதலாக அடிபட்டவர்கள் மெக்சிக்க வம்சாவழி இளைஞர்கள். வண்டியைத் தரையோடு தாழ்த்திக் கட்டி மெல்ல ஊர்ந்து போவது அவர்களுடைய கலை. அவர்கள் விடவில்லை. வருடக்கணக்கில் போராடி, 2024 ஜனவரி 1 முதல் கலிபோர்னியாவில் எந்த நகரசபையும் ரவுண்டு அடிப்பதைத் தடைசெய்ய முடியாது என்று சட்டமே கொண்டுவர வைத்தார்கள். சிலையைப் பார்த்து ஏங்கிக்கொண்டிருந்தவர்கள் அல்ல அந்தத் தெருவைத் திறந்தது.

“அப்ப வேகமா ஓடட்டும் என்றா சொல்றீங்க?” என்று கேட்பீர்கள். இல்லை. பெருநாள் அன்று புது உடுப்போடு மோட்டார் சைக்கிளில் போய் மையித்தாகத் திரும்பிய பொடியன்மாரை ஊருக்குத் தெரியும். அந்த மஞ்சள் வண்டிக்காரனின் வரியை நாங்கள் மறக்கவில்லை. ஹெல்மெட் போடு, சைலன்சரைக் கழற்றாதே, லைசன் இல்லாத தம்பியிடம் சாவியைக் கொடுக்காதே: இதை எவ்வளவு வேண்டுமானாலும் கத்திச் சொல்லுங்கள், நாங்களும் சேர்ந்து கத்துகிறோம். ஆனால் அது வேகத்துக்கான சட்டம், இருபாலாருக்கும் ஒன்று. பெண்பிள்ளையை வீட்டில் வைப்பதற்கு வீதிப் பாதுகாப்பைச் சாட்டாகக் கொண்டுவர வேண்டாம். முப்பதில் போகிற ஸ்கூட்டி இல்லை இங்கே பிரச்சினை.

எங்கட வயதுக்காரரிடம் கேட்பது இவ்வளவுதான். அடுத்த தடவை “அந்தக் காலம்” என்று யாராவது தொடங்கினால் கதையை முழுசாகக் கேளுங்கள். எந்த வருடம், எந்த வண்டி, எந்தச் சந்தியில் இறக்கினார்கள், கூட வந்தவர்களில் யார் இப்போது இல்லை. பக்கத்து ஊர்த் தமிழ்ப் பொடியன் யாராவது கூட ஓடினானா, அவன் எங்கே. பிறகு உம்மாவிடம் போய் அதே கேள்விகளைக் கேளுங்கள். பதினெட்டு வயதில் இந்த ரோட்டில் எதில் போனீங்க, யாரோடு போனீங்க, சும்மா ஒரு நாளாவது போனீங்களா. கேட்டதை எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். லூகாஸ் எழுதாமல் விட்ட வரிகள் அங்கேதான் இருக்கின்றன.

ராத்தாமாரே, தங்கச்சிமாரே, நாளைப் பின்னேரம் ஸ்கூட்டியில் கல்லடிப் பாலம்வரை போய் வாங்க. யாராவது “என்னத்துக்குப் போற?” என்று கேட்டால், “சும்மா” என்று சொல்லுங்கள்.