மெத்தில் புரோமைடு விலக்குக்கு முடிவு நாள் வேண்டும்: மொன்றியல் துறைமுகத்தை முன்வைத்து ஒரு நிலைப்பாட்டு அறிக்கை

ஓசோன் படலத்தைச் சிதைக்கும் பொருள்களைக் கட்டுப்படுத்தும் மொன்றியல் நெறிமுறை 1987 செப்டம்பர் 16 அன்று கையெழுத்தானபோது, புகையூட்டலுக்குப் பயன்படும் நச்சு வாயுவான மெத்தில் புரோமைடு அதன் பட்டியலில் இடம்பெறவில்லை. 1992இல் கோப்பன்ஹேகனில் அது சேர்க்கப்பட்டது. 1997இல் மீண்டும் மொன்றியலில் கூடிய உறுப்பு நாடுகள், வளர்ந்த நாடுகள் 2005க்குள்ளும் வளரும் நாடுகள் 2015க்குள்ளும் அதைக் கைவிட வேண்டும் என்று நாள் குறித்தன. ஆயினும் அந்த நாள் ஒரு பயன்பாட்டைத் தொடவே இல்லை. சரக்கோடு பூச்சியும் நோயும் நாடு கடக்காதிருக்க, கப்பலில் ஏற்றும் முன்போ இறக்கிய பின்போ செய்யப்படும் நச்சுப் புகையூட்டலுக்கு நெறிமுறை விலக்களித்தது. மண்ணுக்கும் கிடங்குக்கும் இவ்வாயுவைப் பயன்படுத்தும் வழக்கம் பெரும்பாலும் நின்றுவிட்ட பிறகும், விலக்குப் பெற்ற இந்தப் பயன்பாடு உலக அளவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 டன் என்ற அளவில் நீடிக்கிறது. இவ்விலக்குக்கும் முடிவு நாள் குறிக்கப்பட வேண்டும் என்பதும், அதற்கான முன்முயற்சி நெறிமுறைக்குத் தன் பெயரைத் தந்த நகரத்தின் துறைமுகத்தில் தொடங்க வேண்டும் என்பதும் இவ்வமைப்பின் நிலைப்பாடு.

இந்நிலைப்பாட்டின் அடிப்படை வளிமண்டல வேதியியலில் இருக்கிறது. தரையிலிருந்து ஏறத்தாழ 15 முதல் 50 கிலோமீட்டர் உயரம் வரை பரந்துள்ள அடுக்குமண்டலத்தில், சூரியனின் வலிமிக்க புறஊதாக் கதிர் ஆக்சிஜன் மூலக்கூறை இரண்டு அணுக்களாகப் பிளக்க, அவ்வணு ஒவ்வொன்றும் மற்றோர் ஆக்சிஜன் மூலக்கூறோடு சேர்ந்து மூன்று அணுக்கள் கொண்ட ஓசோனாகிறது. அந்த ஓசோன், தோலையும் கண்ணையும் பயிரையும் கெடுக்கும் புறஊதாக் கதிர்களை உறிஞ்சித் தானும் சிதைந்து, மீண்டும் உருவாகிறது. தலைக்கு மேலுள்ள ஓசோன் முழுவதையும் தரைமட்ட அழுத்தத்துக்குக் கொண்டுவந்தால் அதன் தடிப்பு சுமார் 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். ஆக்கமும் அழிவும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் மட்டுமே நிலைத்திருக்கும் இப்படலத்தில், ஒரு குளோரின் அணுவோ புரோமின் அணுவோ நுழைந்தால், அது ஓசோனிலிருந்து ஓர் ஆக்சிஜன் அணுவைப் பறித்து ஆக்சைடாகிப் பின்னர் அதை வேறொரு வினையில் இழந்து, பழைய அணுவாக வெளிவந்து அடுத்த ஓசோனைத் தாக்குகிறது. தான் தீராமல் வினையை நடத்திக்கொண்டே இருக்கும் இத்தகைய பொருளே வினையூக்கி எனப்படுகிறது.

குளோரினைவிட, மெத்தில் புரோமைடு சுமந்துசெல்லும் புரோமின் இத்தொழிலில் மிகக் கொடியது. குளோரின் அணு தன் ஆயுளின் பெரும்பகுதியை ஹைட்ரஜன் குளோரைடாகவோ குளோரின் நைட்ரேட்டாகவோ, ஓசோனைத் தீண்டாத சேர்மங்களில் அடைபட்டுக் கழிக்கிறது. புரோமினின் அத்தகைய சேர்மங்களோ தளர்ந்த பிணைப்புடையவை. பகல் வெளிச்சத்தில் விரைவில் உடைந்து புரோமினை விடுவித்துவிடுகின்றன. போதாததற்குப் புரோமின் ஆக்சைடு குளோரின் ஆக்சைடோடு வினைபுரிந்து இரு அணுக்களையும் ஒருங்கே மீட்டுத் தருவதால், குளோரின் செய்யும் கேட்டையும் அது பெருக்குகிறது. அணுவுக்கு அணு ஒப்பிட்டால் புரோமின் சுமார் 60 மடங்கு ஓசோனை அழிக்கவல்லது என்று கணக்கிடப்பட்டுள்ளது. கொள்கலன் ஒன்றிலிருந்து காற்றில் திறந்துவிடப்படும் சில கிலோகிராம் வாயுவை அற்பம் என்று ஒதுக்க முடியாததற்குக் காரணம் இதுவே.

மெத்தில் புரோமைடு முழுக்க மனிதன் ஆக்கியதன்று. கடலும், காட்டுத்தீயும், கனடாவின் புல்வெளி மாகாணங்களில் மஞ்சளாகப் பூத்துக்கிடக்கும் கனோலாப் பயிரும்கூட அதை வெளியிடுகின்றன. காற்றிலுள்ள ஹைட்ராக்சில், மண்ணிலுள்ள நுண்ணுயிர், கடல்நீர் ஆகியவை அதைச் சிதைக்கின்றன. அதனால் வளிமண்டலத்தில் அதன் வாழ்நாள் ஓராண்டுக்கும் குறைவு. குளிர்சாதனங்களில் முன்னர்ப் பயன்பட்ட சிஎஃப்சி-12இன் வாழ்நாளோ சுமார் 100 ஆண்டுகள். மெத்தில் புரோமைடின் குறுகிய வாழ்நாளே இவ்வறிக்கையின் நம்பிக்கைக்கும் ஆதாரம். 1990களின் இறுதியில் காற்றின் லட்சம் கோடி மூலக்கூறுகளில் 9க்குச் சற்று மேல் இருந்த மெத்தில் புரோமைடு, கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்ததும் உடனே இறங்கத் தொடங்கி 7க்கும் கீழே வந்துவிட்டது. சிஎஃப்சியை நிறுத்தியவர்கள் பயனைக் காணப் பேரக்குழந்தைகளின் காலம் வரை காத்திருக்க வேண்டியுள்ளது. மெத்தில் புரோமைடை நிறுத்துபவர்கள் சில ஆண்டுகளிலேயே காணலாம்.

அட்லாண்டிக்கிலிருந்து சுமார் 1,600 கிலோமீட்டர் உள்ளே, செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் அமைந்து, 1964 முதல் குளிர்காலத்திலும் இடையறாது இயங்கும் மொன்றியல் துறைமுகத்தில் இப்பிரச்சினை ஒரு தனி வடிவம் பெறுகிறது. மெத்தில் புரோமைடின் கொதிநிலை ஏறத்தாழ 4 பாகை செல்சியஸ். மரப் பொதிகளுக்கான பன்னாட்டு விதி, புகையூட்டும் இடத்தின் வெப்பநிலை 10 பாகைக்குக் குறையக் கூடாது என்கிறது. ஆற்றில் பனிக்கட்டி மிதக்கும் மாதங்களில், திறந்த வெளியில் அவ்விதிப்படி புகையூட்ட இங்கு வாய்ப்பில்லை. கனடாவின் பயறு வகைகளுக்கு இந்தியா விதித்த நிபந்தனை சிக்கலானதற்கும் இதுவே ஒரு காரணம். ஏற்றுமதியாகும் நாட்டிலேயே மெத்தில் புரோமைடு இட்டு வர வேண்டும் என்ற அந்நிபந்தனைக்கு இந்தியா நெடுங்காலம் விலக்களித்து நீட்டித்து வந்தது. 2017இல் அது கடுமையாக்கப்பட்டு, புகையூட்டாமல் வந்த சரக்குக்கு ஐந்து மடங்கு ஆய்வுக் கட்டணம் விதிக்கப்பட்டது. 2018 பிப்ரவரியில் இரு நாட்டுப் பிரதமர்களும் இதற்கு மாற்று ஏற்பாடு காண்பதாக அறிவித்தனர்.

பட்டாணியும், ஈழத்தமிழர் வீடுகளில் மைசூர்ப் பருப்பு என வழங்கும் சிவப்புப் பருப்பும் கனடாவிலிருந்து கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் போகும் பண்டங்களாதலால், இது தமிழர் அடுக்களையைத் தொடும் வினா. புகையூட்டலை மொன்றியலில் செய்யாமல் தூத்துக்குடியில் செய்வது தீர்வாகாது என்று இவ்வமைப்பு கருதுகிறது. கீழ்க்காற்று அடுக்குமண்டலத்துக்குள் ஏறுவது பெரும்பாலும் வெப்பமண்டலத்தின் வழியாகத்தான் என்பதால், வாயு திறந்துவிடப்படும் இடம் தெற்கே நகர்வதால் ஓசோனுக்கு எந்த ஆதாயமும் இல்லை. நரம்பைத் தாக்கும் இந்நஞ்சின் அருகே நிற்கும் தொழிலாளர் மட்டும் வேறு நாட்டவராகிறார்.

பூச்சித்தடுப்பே வேண்டாம் என்பது இவ்வறிக்கையின் வாதமன்று. ஆசியாவிலிருந்து மரப் பொதிகளில் ஒளிந்து வந்ததாகக் கருதப்படும் மரகதச் சாம்பல்மர வண்டு 2002இல் வட அமெரிக்காவில் கண்டறியப்பட்டு, 2011இல் மொன்றியலையும் எட்டி, நகரின் சாம்பல் மரங்களை ஆயிரக்கணக்கில் பலிகொண்டது. அம்மரங்களின் நிழலில் வாழ்ந்தவர்கள் பூச்சித்தடுப்பின் அருமையை அறிவார்கள். ஆனால் அதற்கு இவ்வாயு ஒன்றே வழியன்று. மரத்தின் நடுப்பகுதி வரை 56 பாகை வெப்பம் 30 நிமிடம் நிற்குமாறு சூடாக்கினால், மரப் பொதிகளுக்கான அதே பன்னாட்டு விதி அதையும் ஏற்கிறது. அவ்வாறு பதப்படுத்திய சரக்குத் தட்டுகள் ‘எச்டி’ என்றும், புகையூட்டியவை ‘எம்பி’ என்றும் முத்திரை பெறுகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2010 மார்ச்சிலேயே பூச்சித்தடுப்புக்கும் இவ்வாயுவை நிறுத்திவிட்டது. மொன்றியலின் கொள்கலன் வணிகத்தில் பெரும்பங்கு வடக்கு ஐரோப்பாவோடுதான் நடக்கிறது, அவ்வணிகம் இதனால் தடைபடவும் இல்லை. விலக்கு இல்லாமல் வணிகம் நடக்காது என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு தேவையில்லை.

மாற்று என்ற பெயரில் சல்பியூரில் புளோரைடை நாடுவதை இவ்வமைப்பு ஏற்கவில்லை. அது ஓசோனைக் கெடுப்பதில்லை எனினும், 30 ஆண்டுகளுக்கு மேல் காற்றில் நிலைத்து, எடைக்கு எடை கரியமில வாயுவைப்போல் பல ஆயிரம் மடங்கு வெப்பத்தைச் சிறைப்படுத்துகிறது. சிஎஃப்சிக்கு மாற்றாக வந்த எச்எஃப்சி வாயுக்களைக் கட்டுப்படுத்த 2016இல் கிகாலியில் நெறிமுறையைத் திருத்த நேர்ந்ததை உலகம் அதற்குள் மறந்திருக்க முடியாது.

ஆகவே, நெறிமுறையின் உறுப்பு நாடுகள் இவ்விலக்கை முடிக்கும் ஆண்டை அறிவிக்க வேண்டும் என்றும், அக்கோரிக்கையைக் கனடா முன்மொழிய வேண்டும் என்றும் இவ்வமைப்பு கேட்டுக்கொள்கிறது. அதுவரை, வேறு வழியே இல்லாத சரக்குக்கு மட்டும், வெளியேறும் வாயுவைக் கிளர்வூட்டிய கரியில் பிடித்துவைத்த பின்னரே கொள்கலனைத் திறக்க வேண்டும். துறைமுகம்வாரியாகப் பயன்படுத்திய அளவு ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். இந்தியாவும் கனடாவும் வயலிலும் சேமிப்பிலும் செய்யும் ஆய்வையும் கடுங்குளிரின் பூச்சிக்கொல்லித் திறனையும் கணக்கிற்கொண்டு, வாயுவின்றிப் பயறு ஏற்கும் நிலையான ஏற்பாட்டை எழுத்தில் செய்துகொள்ள வேண்டும். கொழும்பிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் மொன்றியலுக்குச் சரக்கு வரவழைக்கும் தமிழ் வணிகர்களோ அரசுகளுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ‘எச்டி’ முத்திரையுள்ள தட்டுகளில் மட்டுமே சரக்கு அனுப்பப்பட வேண்டும் என்ற ஒரு வரியை அடுத்த கொள்முதல் ஆணையிலேயே அவர்கள் சேர்த்துவிடலாம்.